ஆளுக்கு இரண்டு மாத்திரை

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நாற்பது வருசம் கொத்தனார் வேலை பார்த்தவன். தூக்கு மாட்டிய வீடு, ஆகாத வீடு என்று எல்லோரும் ஒதுக்கிய வீடுகளை நான்தான் இடித்திருக்கிறேன். வேலை முடிகிற வரைக்கும் அங்கேயே பாய் விரித்துப் படுத்தும் இருக்கிறேன். எலி வந்தது, தேள் வந்தது, ஒரு தடவை மேஸ்திரி வந்து தூங்குகிறாயா என்று உதைத்தார். செத்தவர்கள் யாரும் வந்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்குப் போன வெயில் காலத்தில், பட்டப்பகலில், பூட்டிக் கிடந்த அறைக்குள்ளிருந்து என் சிநேகிதன் இருமுவது கேட்டது. அவன் செத்து நாலு மாசம் ஆகியிருந்தது.

எங்கள் லைனில் பன்னிரண்டு அறை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. அறைக்கும் அறைக்கும் நடுவில் சுவர் எட்டடி உயரம்தான், அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் இடைவெளி. அந்தச் சுவரைக் கட்டியவனும் நான்தான். இன்னும் மூன்றடி ஏற்றலாம் என்று ஓனரிடம் சொன்னேன். "எட்டடி போதும்யா, செங்கல் என்ன மரத்துலயா காய்க்குது" என்றார். கை தளர்ந்த காலத்தில் நானே அங்கே ஏழாம் நம்பரில் குடிவந்தேன். ஆறாம் நம்பரில் வெங்காயம் அரிந்தால் எனக்குக் கண் எரியும். ஒன்பதில் புருசன் பெண்டாட்டி சண்டை போட்டால் பன்னிரண்டாம் நம்பர்காரன் படுத்தபடியே தீர்ப்புச் சொல்வான். பின்னால் சாக்கடை என்பதால் ஜன்னல் கிடையாது. காற்று வருவதும் போவதும் முன்கதவு வழியாகத்தான்.

என் அறையில் மூன்று பேர். நான், என் மகள், அவள் பெற்ற நாலு வயசுப் பேத்திப் பொடிசு. மருமகன் லாரியோடு போனால் மாசத்துக்கு ஒரு தடவைதான் தலையைக் காட்டுவான். மகள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. எட்டாம் நம்பரில் இஸ்திரிக்காரன், அவன் பெண்டாட்டி, வேலைக்குப் போகிற ஒரு மகள். என்னைவிடப் பத்து வயசு இளையவன் அவன். வாசலில் மேசை போட்டுத் துணி தேய்ப்பான். பொடிசு பகலெல்லாம் அந்த மேசை ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். "இஸ்திரி தாத்தா, இந்தச் சட்டை யாரோடது?" என்று ஒவ்வொரு துணிக்கும் கேட்கும். "இது ராசா சட்டை, இது திருடன் சட்டை" என்று அவனும் சலிக்காமல் சொல்வான்.

நோய் முதலில் வந்தது எனக்குத்தான். இரண்டு மாசம் இருமினேன். சளியில் ரத்தம் பார்த்ததும் மகள் இழுத்துக்கொண்டு போனாள். டிபி என்றார்கள். மாத்திரை தர வருகிற நர்சு கையில் எப்போதும் ஒரு பெரிய நோட்டு இருக்கும், அதனால் லைனில் அவளுக்கு நோட்டம்மா என்று பெயர். அவள் நோட்டில் என் பெயர் ஏறின மறுநாளே ஓனரின் ஆள் வந்து நின்றான்.

"பெரியவரே, அறையைக் காலி பண்ணுங்க. மத்தவங்களும் குடியிருக்கணும்ல."

நோட்டம்மா அவனை விடவில்லை. "மருந்து ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல இவர்கிட்டருந்து யாருக்கும் ஒட்டாது. மருந்தே சாப்பிடாம ஒளிஞ்சு இருமுறான் பாரு, அவன்தான்யா ஆபத்து. நீ இப்படி மிரட்டினா எல்லாரும் ஒளியத்தான் செய்வாங்க" என்றாள். அவன் முனகிக்கொண்டே போனான். நான் தப்பித்தேன். ஆனால் அவன் மிரட்டியதைப் பன்னிரண்டு அறையும் கேட்டது. அவள் சொன்ன பதிலை யாரும் காதில் வாங்கவில்லை.

தினமும் நாலு மாத்திரை, ஆறு மாசம். முதல் இரண்டு மாசம் நோட்டம்மா கண்முன்னால்தான் விழுங்க வேண்டும். அப்புறம் வாரத்துக்கு ஒரு அட்டையாகக் கையில் கொடுத்துவிட்டாள். எனக்கு இருமல் நின்றுவிட்டது, சோறு இறங்கியது. ஆள் தேறிய பிறகும் எதற்கு இத்தனை மாத்திரை, கம்பெனிக்காரன் பிழைக்கவா என்று எனக்குச் சந்தேகம். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இஸ்திரிக்காரன் இருமத் தொடங்கினான். ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, உங்களுக்குத்தான் நல்லாயிடுச்சே. மாத்திரையில பாதி எனக்குக் குடுங்களேன்."

"ஏன்டா, நீயே போய் வாங்கிக்கோயேன். சும்மாதானே தர்றாங்க."

"என் பேரும் நோட்டுல ஏறவா? நான் தொழில்ல வாயில தண்ணி வச்சு ஊதித் தெளிக்கிறவன். இவனுக்கு டிபின்னு தெரிஞ்சா ஒருத்தன் துணி குடுப்பானா? ஓனர் ஆளு இஸ்திரிப் பெட்டியோட என்னையும் தெருவுல வச்சுட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்."

அவன் சொன்னதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. ஒரு ரொட்டியைப் பிட்டு இரண்டு பேர் சாப்பிடுவதில்லையா? அன்றிலிருந்து ஆளுக்கு இரண்டு. காலையில் ஸ்டூல்மேல் ஏறிச் சுவரின் மேல் கையை நீட்டுவான், நானும் ஒரு பெட்டிமேல் ஏறி உள்ளங்கையில் வைப்பேன். இரண்டு உயிரை ஒரு அட்டையில் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. அரை மாத்திரையில் கிருமி சாகாது, அந்த மாத்திரையைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நோட்டம்மா அதையும் சொல்லித்தான் இருந்தாள். பாதி சாப்பிடாதே, நடுவில் நிறுத்தாதே என்று வாராவாரம் சொன்னாள். காதில் விழுந்தது. நான்தான் நம்பவில்லை.

இரண்டு மாசம் அவன் தேறினான். தேய்த்தான், சிரித்தான். அப்புறம் மறுபடி இறங்கினான். இந்தத் தடவை மாத்திரை எடுபடவில்லை. மூன்று குட்டை இருமல், கடைசியில் ஒரு நெட்டை இருமல். அதுதான் அவன் தாளம். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடி எண்ணிக்கொண்டே இருப்பேன். நெட்டை முடிந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

"இனிமேயாவது வா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்தான். பொடிசு வழக்கம்போல மேசை ஓரத்தில் இருந்தது. என் கையை இழுத்து அதன் தலைமேல் வைத்தான்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க. நான் போன பிறகும். என் பொண்டாட்டி இந்தப் பெட்டியை வச்சுப் பொழைச்சுக்குவா. நோய் வீடுன்னு பேர் வந்துட்டா அவளுக்கு அதுவும் இல்ல."

"கையை விடுடா, பிள்ளைமேல எதுக்கு?"

"அப்போதான் நீங்க மீறமாட்டீங்க."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். பதினோராம் நாள் செத்தான். மாரடைப்பு என்று அவன் பெண்டாட்டி சொன்னாள், நானும் ஆமாம் போட்டேன்.

ஒரு மாசத்தில் பொடிசுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் உடம்பு சுடும். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. நோட்டம்மா நெஞ்சைப் படம் எடுக்க வைத்தாள், ஊசி போட்டுப் பார்த்தாள், பிள்ளைகளுக்கான மாத்திரை ஆரம்பித்தாள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற மாத்திரை. ஒரு வேளை தவறவில்லை, என் மகள் கண் விழித்துக் கொடுத்தாள். ஆனாலும் இரண்டு மாசத்தில் பதிமூன்று கிலோ பதினொன்று ஆனது. தூக்கினால் காலிப் பெட்டியைத் தூக்குகிற மாதிரி கை சட்டென்று மேலே போகும்.

கிளினிக் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "சின்னக் குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது. அதனால எந்த மருந்து கேட்கும்னு நேரா பார்க்க முடியல. யார்கிட்டருந்து வந்துச்சோ, அவங்களுக்கு என்ன மருந்து கேட்டுச்சோ அதைத்தான் குடுப்போம். உங்களுக்குக் கேட்டதைக் குடுத்தோம், கேட்கல. அப்படின்னா வேற யார்கிட்டயோ இருந்து வந்திருக்கணும். பக்கத்துல யாராவது இருமினாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குழந்தை உயிர் அதுலதான் இருக்கு."

பக்கத்தில் என் மகள் நின்றாள். அவள் பகலில் வீட்டில் இருக்கிறவள் இல்லை, மாத்திரைக் கதை அவளுக்குத் தெரியாது. இஸ்திரிக்காரன் இருமலையும் கரிப்புகை இருமல் என்றுதான் லைன் முழுக்க நம்பியிருந்தது.

"யாரும் இல்லீங்க" என்றேன்.

நான் கல்நெஞ்சன் இல்லை. பிள்ளை தலைமேல் கை வைத்துச் சொன்ன வாக்கு. அதை மீறினால் பிள்ளைக்கு என்ன ஆகும்? வேறு எதை நம்பாவிட்டாலும் இதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இஸ்திரிக்காரன் பெண்டாட்டி மூன்று மாசம் மேசைபோட்டுத் தேய்த்தாள். அப்புறம் மேசையைக் கவிழ்த்துச் சங்கிலி போட்டார்கள். "அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கு, பெரியப்பா. வர நாளாகும்" என்றாள் அவள் மகள். காலையில் பூட்டைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள்.

எங்கள் பக்கம் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். பன்னிரண்டு மின்விசிறியும் ஒரே நேரத்தில் நிற்கும். அதுவரைக்கும் விசிறிச் சத்தத்துக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். சொட்டுகிற குழாய், வெயிலில் முறுக்கிக்கொள்கிற தகரம். முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போயிருக்கிற நேரம். பொடிசு பாயில் கிடந்தது, நான் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நம்பரில் இருமல் கேட்டது. மூன்று குட்டை, ஒரு நெட்டை. ஆழத்தில், துணியைப் போட்டு மூடியது மாதிரி.

விசிறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு, மேசையில் சங்கிலி. பூட்டை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. திரும்பி வந்தபோது பொடிசு கண் திறந்து மேலே அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இஸ்திரி தாத்தா இருமுது" என்றது.

அதற்கு அவன் செத்ததைச் சொல்லவே இல்லை நாங்கள்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். மகளிடம் சொன்னால் கிழத்துக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பாள். நாலாம் நாள் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று மெதுவாகப் பேசினேன்.

"டேய், எதுக்குடா வந்து இருமுற? நான் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல. டாக்டர் கேட்டும் சொல்லல. போதுமா?"

இருமல் நடுவில் அறுந்தது. இரண்டு குட்டையோடு நின்றது. கத்தியால் வெட்டின மாதிரி.

கூப்பிட்டால் கேட்கிறான் என்றால் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அதிலிருந்து தினமும் கரண்ட் போனதும் பேச ஆரம்பித்தேன். வாக்கைக் காப்பாற்றுகிறேன், பிள்ளையை விட்டுவிடு என்று கெஞ்சினேன். ஒருநாள் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பேசினால் நிற்கும். பேசி முடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் எதையோ வைத்து அமுக்கின மாதிரி மறுபடி வரும்.

பொடிசு எழுந்து உட்காருவதை நிறுத்தியது. ஒருநாள் வாயில் ஊட்டின சோறு விழுங்காமல் அப்படியே இருந்தது, விழுங்கத் தோன்றாத மாதிரி என்னைப் பார்த்தது. அன்றைக்கு மத்தியானம் விசிறி நின்றதும் நான் சுவரை முஷ்டியால் குத்தினேன்.

"கேட்டுக்கோடா. நாளைக்குப் போய்ச் சொல்லப்போறேன். உனக்கு டிபி, என் மாத்திரையில பாதி நீ சாப்பிட்ட, பிள்ளை உன் மேசையிலதான் கிடந்தா. எல்லாத்தையும் சொல்லப்போறேன். வாக்கை மீறுறவன் நான். என்னை என்ன வேணும்னாலும் பண்ணு. அவளைத் தொடாத."

குத்தினதில் காரை உதிர்ந்தது. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம், என் முழங்கால் உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சொல்லுங்கண்ணே."

பெண் குரல். நான் இரண்டடி பின்னால் போய்ப் பானையை உருட்டிவிட்டேன்.

"யாரு?"

"நான்தாண்ணே. நான் எங்கயும் போகல."

"வெளியே பூட்டிக் கிடக்கே!"

"மகதான் பூட்டிட்டுப் போறா. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா ஓனர் ஆளு வந்து நிப்பான். இருமலைக் கேட்டா விடுவானா?"

"எத்தனை நாளா?"

"இருபது நாள் இருக்கும்."

"அப்போ நான் பேசினதெல்லாம்?"

"கேட்டேன். நீங்க அவர்கிட்ட பேசுறீங்கன்னு தெரிஞ்சுச்சு. தலையணையை வாயில வச்சு அமுக்கிக்குவேன்."

"அன்னைக்கே ஒரு குரல் குடுத்தா என்னம்மா?"

"வாயைத் திறக்கமாட்டேன்னு நீங்க அவருக்கு வாக்குக் குடுத்துக்கிட்டிருந்தீங்க." அவள் மூச்சு வாங்கினாள். "எனக்கும் அதுதானே வேணும்."

பூட்டை உடைக்கச் சுத்தியலை எடுத்தேன். வேண்டாம் என்றாள், சத்தம் கேட்டுத் தெரு கூடிவிடும், மகள் வரட்டும் என்றாள். கடைசியாக, "எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

நாளைக்கு வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. பொடிசைத் தோளில் போட்டு, தலைக்கு ஈரத்துண்டைப் போர்த்தி, அந்த வெயிலிலேயே கிளினிக்குக்கு நடந்தேன்.

நோட்டம்மா நோட்டைத் திறந்து வைத்தபடி கேட்டாள். பாதி மாத்திரை என்று நான் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி.

"தாத்தா, உங்க லைன்ல இப்படிப் பங்கு போட்டுச் சாப்பிட்டது வேற யாரு?"

அதற்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மூன்றாம் நம்பரில் அண்ணன் தம்பி. பதினொன்றில் மாமியாரும் மருமகளும். எல்லோரும் என்னிடம் யோசனை கேட்டுப் பங்கு போட்டவர்கள், அதையும் சேர்த்துச் சொன்னேன்.

இஸ்திரிக்காரன் பெண்டாட்டியின் சளியை மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். பழைய மாத்திரைக்கு அடங்காத கிருமி. அதை வைத்துத்தான் பொடிசுக்கு மருந்தை மாற்றினார்கள். அவளை ஆஸ்பத்திரி வார்டில் சேர்க்க ஆட்டோ வந்தபோது லைன் முழுக்க வாசலில் நின்றது. யாரையும் பார்க்காமல் நடந்தவள் என்னிடம் மட்டும் நின்றாள்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருந்தீங்கன்னா அண்ணே, என்னையும் அப்பவே பார்த்திருப்பாங்க."

வாக்கு வாங்கியது உன் புருசன்தானே என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தேன்.

என் மகள் எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் மாவு பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "உன் சத்தியத்துக்கு என் பிள்ளை தலைதான் கிடைச்சுதாப்பா?"

நோட்டம்மா காற்று வேண்டும் என்றாள். பின்சுவரில் ஆளுக்கொரு ஜன்னல் வைத்தால் பாதி நோய் வெளியே போய்விடும் என்றாள். ஓனரிடம் கேட்டால் எத்தனை வருசம் ஆகும் என்று எனக்குத் தெரியும். உளியும் சுத்தியலும் எடுத்தேன். ஓனரின் ஆள் ஓடி வந்தான்.

"யோவ் பெரியவரே, யாரைக் கேட்டுச் சுவரை உடைக்கிறீங்க?"

"கட்டினவனைக் கேட்டுத்தான்."

"சாக்கடை நாத்தம் வருமே!"

"வரட்டும். நாத்தத்துல செத்தவன் ஒருத்தனைக் காட்டு, அடைச்சுடுறேன்."

பன்னிரண்டு ஓட்டை போட ஒன்பது நாள் ஆனது. வயசான கை, கோணல்மாணலாகத்தான் வந்தது. உள்ளே வெளிச்சம் விழுந்த பிறகுதான் அறை எத்தனை சின்னது என்று எல்லோருக்கும் தெரிந்தது. இப்போதும் இரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது. விசிறி நின்றதும் லைன் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. யாராவது இருமினால் எந்த நம்பர் என்று எல்லோர் காதும் தேடுகிறது. இருமினவரும் அதைத் தெரிந்துகொண்டு பாதியில் விழுங்குகிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நான் கதவைத் தட்டாமல் வருவதில்லை. கிழவன் வேவு பார்க்கிறான் என்று திட்டுகிறார்கள். திட்டட்டும். அப்படித் தட்டித்தான் நாலு பேர் சளி கொடுத்தார்கள், ஒருத்தருக்கு இருந்தது.

நானும் கொடுத்தேன். நானும் பாதி சாப்பிட்டவன்தானே. பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் வைத்துப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லையாம், கிருமியை வளர்த்துப் பார்க்க ஆறு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் பிள்ளையோடு ஒரே அறையில் படுக்காதே என்றாள் நோட்டம்மா. லைன் கடைசியில், திறந்தவெளியில், நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டுக்கொண்டேன். அங்கே உட்கார்ந்துதான் பொழுது போகிறது. இது ஐந்தாவது வாரம்.

பொடிசு போன முறை எடைக்குப் பதினொன்றரை வந்தது. அரைக் கிலோ. இந்த மருந்து கசப்பு, வாந்தி வருகிற கசப்பு. காலையில் மகள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஊட்டுவாள். ஊட்டினதும் பிள்ளை வாசலுக்கு ஓடிவருகிறது. பத்தடி தள்ளி ஒரு கல் போட்டு வைத்திருக்கிறேன், அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

"தாத்தா, முழுங்கிட்டேன்!"

"வாயைத் திற பார்ப்போம்."

திறக்கிறது. அத்தனை தூரத்தில் என் கண்ணுக்கு வாய் எங்கே மூக்கு எங்கே என்று ஒன்றும் தெரிவதில்லை.

"நாக்கைத் தூக்கு. இன்னும் தூக்கு. முழுசா முழுங்கினியா, பாதியா?"

"முழுசா!"

"திரும்பவும் திற" என்கிறேன்.